அண்ணனின் பட்டையில் இருந்த பள்ளங்கள்

முப்பது வருடம் பேருந்து ஓட்டியவருக்கு ஓய்வு வந்ததும் கை சும்மா இருக்கவில்லை. கூடவே குடியிருக்கும் அண்ணன் ஒரு மாதம் மகள் வீட்டுக்குப் போன சமயம் பார்த்து, அவருடைய மரம் கடையும் பழைய லேத்தைப் புதுசாக்கக் கிளம்பினார். சுரண்டிய துருவைக் கூட்டி அள்ளினால் இன்னொரு லேத்தே வார்த்திருக்கலாம்! உளியைத் தாங்கும் இரும்புப் பட்டையில் ஏழெட்டுப் பள்ளங்கள் இருந்தன. தேய்மானம் என்று நினைத்து அதையும் அரத்தால் வழுவழுவென்று ராவித் தள்ளினார்.

திரும்பி வந்த அண்ணன் முதலில் பட்டையைத்தான் தடவினார். அவருக்குக் கண் மங்கிப் பத்து வருடம். உளி எங்கே இறங்க வேண்டும் என்று அந்தப் பள்ளங்கள்தான் அவர் கட்டைவிரலுக்குச் சொல்லும். தம்பிக்கு அப்போதுதான் உறைத்தது.

“பள்ளமெல்லாம் எங்கடா?”

“துரு தின்னுடுச்சுண்ணே.” வாய் முந்திக்கொண்டது.

அண்ணன் முகம் சுருங்கியது. “என் தப்புதான். எண்ணெய் போடாம விட்டுட்டேன். இனிமே எங்க கடையறது?”

தம்பி அரத்தை எடுத்து அண்ணன் கையில் வைத்தார். “துரு இல்லண்ணே. நான்தான் ராவிட்டேன்.”

“அதானே! வண்டியை இடிச்சிட்டு மரம் குறுக்க வந்துச்சுன்னு சொல்ற ஆளாச்சே நீ! போ, என் கட்டில்ல ஒரு காலைக் கழட்டிட்டு வா. அந்தப் பள்ளத்தை வச்சு நான் கடைஞ்சதுதான். அதை அளந்து அதே இடத்துல பள்ளம் வெட்டு.”

“அதுவரைக்கும் எங்கண்ணே படுப்பே?”

“தரையிலதான்.”

வேலை முடிய நாலு நாள் ஆனது. நாலு நாளும் தம்பியும் தன் மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டு, அண்ணன் பக்கத்திலேயே வெறும் தரையில் படுத்தார்.