முள்காட்டுக்கு ஊற்றிய தண்ணீர்

அருப்புக்கோட்டையில் புதிதாகக் கட்டிய காய்கறிச் சந்தை வாசலில் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். 'முள்காடாகக் கிடந்த இடத்தில்' என்று தொடங்குகிறது. படித்ததும் எனக்கு உச்சந்தலை சுர்ரென்றது. முள்காடா? நான் பிறந்த தெருவய்யா அது! பர்மாவிலிருந்து விரட்டப்பட்டுக் கப்பலேறி வந்தவர்கள் குடியிருந்த பர்மாத் தெரு. என் அப்பாவும் அம்மாவும் ஒரு தகரப் பெட்டியோடு வந்து சேர்ந்த இடம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். முழுத் தெருவையே காய்கறிச் சந்தைக்குள் மறைத்ததை இப்போதுதான் பார்க்கிறேன்.

அந்தத் தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு. சித்திரை ஒன்றாம் தேதி ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொள்வோம். பர்மாவில் புதுவருசம் அப்படித்தானாம். பழைய வருசத்துப் பாவம் கழுவிப் போகுமாம். ஆனால் இது குடிதண்ணீருக்கே குடத்தோடு அலையும் சீமை. அதனால் பங்குனி முழுக்க வீட்டுக்கு வீடு தினம் ஒரு செம்பு மிச்சம்பிடித்துப் பானையில் சேர்ப்போம். பக்கத்துத் தெருப் பெண்களுக்குப் பொறுக்காது.

"குடிக்க வழியில்ல, இவளுகளுக்கு ஊத்தி விளையாட்டு கேக்குதாக்கும்!"

என் அம்மா சிரித்துக்கொண்டே அவர்கள் தலையிலும் ஒரு செம்பைக் கவிழ்த்துவிடுவாள். "உங்க பாவமும் போகட்டும் மதினி!"

சந்தை கட்ட வேண்டும், இது புறம்போக்கு என்று சொல்லித் தெருவை இடித்தார்கள். பரளச்சி, வீரசோழன் என்று சுற்றுவட்டார ஊர்களுக்கு ஆளுக்கொரு மூலையாகப் போனோம். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இந்தப் பலகையைப் பொறுக்க முடியவில்லை. 'பர்மாத் தெரு இருந்த இடம்' என்று ஒரே ஒரு வரி திருத்தச் சொல்லி, சந்தை அலுவலகத்துக்குப் போனேன்.

"பட்டா இருக்காம்மா?" என்றார் அங்கிருந்த அதிகாரி.

"பட்டா இருந்தா இடிச்சிருப்பீகளா?"

"அப்ப என்னதான் ஆதாரம்?"

அவரை வெளியே கூட்டிவந்து, டீக்கடைக்குப் படியாகப் போட்டிருந்த கல்லைக் காட்டினேன்.

"இது எங்க கெணத்துக் கல்லு. நாங்களே தோண்டுன கெணறு. கெணத்து உருளை வாங்க வக்கில்லாம இந்தக் கல்லு மேலயே கயித்தப் போட்டுத்தான் இழுத்தோம். பள்ளம் பள்ளமா அறுத்திருக்கு பாருங்க. முள்ளா வந்து தண்ணி எறச்சுச்சு?"

அவர் குனிந்து ஒரு பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்தார். நிமிர்ந்தார். "மனு எழுதிக் குடுங்கம்மா, மேல அனுப்புறேன்."

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். என் மனு ஏறத்தான் செய்தது. மூன்று முறை ஏறியது. ஒரு முறைகூட இறங்கி வரவில்லை.

இந்தச் சித்திரை ஒன்றுக்கு, பழைய தெருப் பெண்களெல்லாம் பஸ் பிடித்து வந்தார்கள், ஆளுக்கொரு குடத்தோடு. பலகைக்கு நேர் முன்னால் நின்று ஒருத்தி தலையில் ஒருத்தி ஊற்றினோம். சந்தைக் காவல்காரர் ஓடிவந்தார்.

"ஏம்மா, ஊரே தண்ணிக்குத் தவிக்குது, இப்படியா வீணா ஊத்துவீக?"

"போர்டைப் படிங்க அண்ணாச்சி," என்றேன். "முள்காடுன்னு எழுதியிருக்கில்ல? அந்த முள்ளுக்குத்தான் ஊத்துறோம். எழுத்த மாத்துற வரைக்கும் வருசா வருசம் வந்து ஊத்துவோம்."