தங்கதுரை பெயர் ஒட்டிய டப்பா

அம்சவள்ளி என் சித்தப்பா மகள். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் இருக்கிறாள். பழனி மேஸ்திரியின் கூலியாள் செட்டோடு கல்வராயன் மலைக்கு ஏறிக் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி பிடுங்குவதுதான் அவளுக்கும் புருஷன் தங்கதுரைக்கும் வேலை. போனால் பத்து நாள். கரியாலூர்ப் பக்கம் ஒரே கொட்டகையில் பதினாலு பேர் படுக்கை. நடந்ததையெல்லாம் மஸ்கட்டில் இருக்கும் எனக்கு அவளே வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினாள். சிலவற்றை இரண்டாம் முறை கேட்க எனக்குத் துணிவில்லை. விசாவுக்காக இங்கே மார்பு எக்ஸ்ரே எடுக்கும்போதெல்லாம் அவள் அக்கா கமலாதான் என் நினைவுக்கு வருவாள்.

போன தை மாதம் தங்கதுரை விடாமல் இருமிக்கொண்டிருந்தான். சுகாதார நிலையத்து மலர்விழி அவன் பெயர் ஒட்டிய டப்பாவைக் கொடுத்து, காலையில் எழுந்ததும் சளியைத் துப்பித் தரச் சொன்னாள். அவன் நோய்க்குப் பயப்படவில்லை, பழனிக்குத்தான் பயந்தான். டிபி என்று தெரிந்தால் செட்டில் இடமில்லை.

விடிந்ததும் டப்பாவைப் பெண்டாட்டியிடம் நீட்டினான்.

“நீ துப்புடி.”

“இன்னா மாமா, இருமறது நீ, துப்பறது நானா?”

“உனக்குத்தான் இருமலே இல்லியே. ஒண்ணும் இல்லன்னு வந்துடும். நிம்மதியா மலைக்குப் போவலாம்.”

சிரித்துக்கொண்டேதான் தொண்டையைச் செருமித் துப்பினாள்.

நாலாம் நாள் மலர்விழி மாத்திரைப் பட்டைகளோடு வந்தாள். “தங்கதுரைண்ணா, உங்களுக்கு டிபி இருக்குது. ஆறு மாசம் மாத்திரை, ஒரு நாள்கூட வுடக்கூடாது. வூட்டுல வேற யாருக்காவது இருமல், காய்ச்சல்?”

“இல்லீங்க,” என்றான் தங்கதுரை.

“எதுக்கும் நீங்க ஒரு எக்ஸ்ரே எடுத்துடுங்கக்கா.”

மலர்விழி போனதும் அம்சவள்ளி மாத்திரைப் பட்டையைக் கையில் எடுத்தாள். “மாமா, அப்ப எனக்கா?”

“எனக்கும் இருக்கும்டி. நான் முழுங்கறேன். நீ நல்லாத்தானே கீற?”

நல்லாத்தான் இருந்தாள். சாயங்காலமானால் மட்டும் உடம்பு கதகதக்கும். வேலைச் சூடு என்று விட்டுவிடுவாள். தொளதொளத்த ஜாக்கெட்டை இரண்டு தடவை பிடித்துத் தைத்திருந்தாள். கமலாவும் இப்படித்தான் தைத்துக்கொண்டே இருந்தாள். இருமல் நின்றுவிட்டதென்று மூன்றாம் மாதமே மாத்திரையை விட்டுவிட்டு டிபியில் செத்துப்போனவள்.

எக்ஸ்ரே எடுப்பதற்குள் பழனி கூப்பிட்டுவிட்டார். மலைக்கு மாத்திரையை மறைத்து எடுத்துப்போன தங்கதுரை, யாரும் பார்க்காதபோது விழுங்கினான். அவனுக்கு ஒன்றுக்குச் சிவப்பாகப் போயிற்று. “பாருடி, மருந்து வேலை செய்யுது,” என்று கூப்பிட்டுக் காட்டினான். கொட்டகைக்குப் பின்னால் சிவந்து நனைந்திருந்த மண்ணையே அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அது தன்னுடைய மருந்து.

மறுநாள் கிழங்குக் காட்டில் குனிந்திருந்தபோது, முதுகுக்குப் பின்னால் கமலா செருமினாள். திரும்பினால் வெயில் மட்டும். அப்புறம் தினமும் கேட்டது. ஒவ்வொரு நாளும் இன்னும் ஒரு கிழங்கு வரிசை கிட்டத்தில்.

“அக்கா எங்கிட்ட ஒண்ணுமே கேக்கலண்ணா. சும்மா நின்னுகினு இருந்துச்சு,” என்றாள் என்னிடம்.

இறங்கி வந்த அன்று மலர்விழி வந்து காலிப் பட்டைகளைப் பார்த்தாள். “பரவாயில்லியே, ஒண்ணுகூட வுடல.”

அம்சவள்ளி அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். “அந்தச் சளி அவருது இல்லீங்க. என்னுது.”

“ஒளறாதடி!” என்றான் தங்கதுரை.

“நீதான மாமா துப்பச் சொன்ன?”

மலர்விழி கத்தவில்லை. அம்சவள்ளியின் துருத்திய தோள்பட்டை எலும்பைப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து இரண்டு டப்பாக்களை எடுத்தாள். “என் கண்ணு முன்னாடி துப்புங்க. ரெண்டு பேரும்.”

அவளுடையதில் கிருமி இருந்தது. அவனுடையதில் இல்லை, எக்ஸ்ரேயும் சுத்தம். வெறும் பீடி இருமல். டாக்டர் அவனுக்கு மாத்திரையை நிறுத்தி அவளுக்குத் தொடங்கினார்.

முதல் மாத்திரைகளை அவள் விழுங்கியதும் மலர்விழி நோட்டைத் திறந்தாள். “கொட்டகையில கூடப் படுத்தவங்க பேரெல்லாம் சொல்லுங்கக்கா. எல்லாரையும் பாக்கணும்.”

மலர்விழியின் முதுகுக்குப் பின்னால் நின்று தங்கதுரை வேண்டாமென்று கையை ஆட்டினான். சொன்னால் இனி இரண்டு பேருக்கும் செட்டு இல்லை. அது அம்சவள்ளிக்கும் தெரியும்.

“மொதல்ல எங்க செட்டு தேவிப்ரியாவோட கொழந்தைய எழுதுங்க,” என்றாள். “மூணு மாசம். இன்னும் பேரு வெக்கல. எங்கிட்டதான் ஒட்டிப் படுத்துகினு இருந்துச்சு.”