மணலில் மாட்டிக்கொள்ளப் போன ஞாயிறு

வண்டி மணலில் மாட்டிக்கொண்டால் எல்லோரும் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்காருவார்கள். நாங்கள் மட்டும் மாட்டிக்கொள்வதற்கென்றே நல்ல மணலாகத் தேடிப் போனோம். அதுவும் ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் முதல் பூசையை விட்டுவிட்டு. தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கு ஏழு வயதிருக்கும்.

எல்லாம் மாமாவால் வந்தது. அம்மாவின் தம்பி. கோடம்பாக்கத்தில் ஒரு பழைய ஜீப்பை வைத்துக்கொண்டு சினிமாக் கம்பெனிகளுக்கு வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப். கடற்கரையில் ஷூட்டிங் நடந்தால் சாமான் வேன்கள் மணலில் புதைந்துவிடும். அவற்றைக் கயிறு கட்டி வெளியே இழுத்துவிடுவதுதான் அவர் பிழைப்பு. ஒருநாள் அப்படி இழுக்கும்போது ஜீப்பின் பின்பக்கக் கொக்கி பிய்த்துக்கொண்டு பறந்து, வேனின் முன்கண்ணாடியை உடைத்து, டிரைவர் சீட்டில் போய் விழுந்தது. டிரைவர் அந்த நேரம் பார்த்துப் பீடிக்கு நெருப்புக் கேட்டு இறங்கிப் போயிருந்தார். பீடி உடம்புக்குக் கெடுதல் என்று அதன்பிறகு அவரிடம் யாரும் சொல்வதில்லை. ஆனால் மாமாவின் ஜீப்பை அதோடு ஒரு கம்பெனியும் கூப்பிடவில்லை.

அம்மா கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு வரைபடம் போடுகிறவள். உடைந்த கொக்கியைக் கொண்டுவரச் சொல்லி, சாப்பாட்டு மேஜையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதப் போயி பம்பர்ல பத்தவச்சிருக்கியே! பம்பர் அழகுக்குடா. இழுக்கற பாரத்த அடியில இருக்கற இரும்புச் சட்டம், சேசிதான் தாங்கணும்."

பிறகு அட்டையில் கொக்கி கொக்கியாக வெட்ட ஆரம்பித்தாள். என் பரீட்சை அட்டைகூட அதில் காலி. அட்டையில் சரியாக வந்ததை ராயப்பேட்டைப் பட்டறையில் இரும்பில் செய்து, சங்கிலி மாட்டி, உடையும்வரை இழுத்துப் பார்த்தார்கள். வீட்டில் ஒரு கண்ணாடி டம்ளரை உடைத்தால் முதுகில் ஒன்று வைக்கும் அம்மா, அங்கே கொக்கி உடைந்தால் மட்டும் சந்தோஷப்பட்டாள். உடைந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்து, "இங்க சதை பத்தல" என்பாள். என்னைப் பற்றி டாக்டரிடம் சொல்வதும் அதே குரலில்தான். கடைசியாகச் செய்தது உடையவில்லை, வளையக்கூட இல்லை. அதைச் சேசியோடு சேர்த்து போல்ட் போட்டு முடுக்கினார்கள்.

சினிமாக்காரர்கள் பட்டறையை நம்புகிறவர்களா? தங்கள் கண் முன்னால் வேனை இழுத்துக் காட்டவேண்டும், வேனுக்குள் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அப்போதுதான் ஜீப்புக்கு மறுபடி வேலை.

என்னைத் தூக்கத்திலேயே போர்வையோடு ஜீப்பில் போட்டுக்கொண்டு போனார்கள். கண் விழித்தபோது அடையாறு கடலில் கலக்கிற இடம். வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறமாக இருந்தன, எங்கே கரை முடிகிறது என்றே தெரியவில்லை. மூட்டைகள் ஏற்றிய வேன் பாதிச் சக்கரம் மணலுக்குள் போய் நின்றிருந்தது. ஆட்கள் வாயசைப்பது தெரிந்தது, பேச்சைக் காற்று கொண்டுபோய்விட்டது. அம்மா ஒரு சாக்கைக் கடலில் நனைத்து, ஜீப்புக்கும் வேனுக்கும் நடுவில் கிடந்த கயிற்றின்மேல் போட்டாள். கடற்கரைக்கு வந்தும் துணி உலர்த்துகிறாளே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அறுந்தால் கயிறு சீறாமல் அமுக்குவதற்காம். அது பிற்பாடு தெரிந்துகொண்டது.

வேனில் உட்கார வேண்டியவர் அதே பீடி டிரைவர். அவர் கதவுவரை போய்த் திரும்பி வந்தார்.

"நம்மால ஆவாதுக்கா. எனக்குப் புள்ளகுட்டி கீது."

மாமா ஜீப்பை ஓட்டியாக வேண்டும். அப்பா பள்ளிக்கூட வாத்தியார், சைக்கிளோடு சரி. ஆனாலும் முன்னால் வந்து, "நான் உக்காந்துக்கறேன்" என்றார்.

"உங்களுக்கு ஸ்டீயரிங் புடிக்கத் தெரியாது. என் கொக்கி, நானே உக்கார்றேன்" என்றாள் அம்மா.

என்னை ஒருமுறை பார்த்தாள். நான் பல்லைக் காட்டினேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வேனில் ஏறினாள். அவள் பக்கத்துச் சீட்டு காலியாக இருக்கிறதே என்று நானும் ஓடினேன்.

"இவளத் தூரமாக் கூட்டிட்டுப் போங்க!"

அம்மா அப்படிக் கத்தி அதற்கு முன்பு நான் கேட்டதில்லை. அப்பா என்னை இழுத்துக்கொண்டுபோய், கரையேற்றி வைத்திருந்த ஒரு படகுக்குப் பின்னால் நிறுத்தினார். நான் ஊரைக் கூட்டினேன். ஒருநாளும் என்னை அதட்டாத அப்பா, மணிக்கட்டு சிவக்கும்வரை பிடித்த பிடியை விடவில்லை. அவர் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. பூசையைத் தவறவிட்டதற்கு அங்கேயே ஜெபம் சொல்லி ஈடுகட்டுகிறார்போலும் என்று நினைத்தேன்.

ஜீப் மெல்ல நகர்ந்தது. மணலில் கிடந்த கயிறு சோம்பலாக எழுந்து நேரானது. ஈரச் சாக்கு அதில் ஊஞ்சலாடிவிட்டு நின்றது. கயிறு முறுகும் சத்தம் மட்டும் கேட்டது. அலைகூட அப்போது நின்றுவிட்டதாக எனக்கு ஞாபகம். அப்படி இருக்க முடியாது, ஆனாலும் அப்படித்தான் ஞாபகம் இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் அம்மாவின் முகம் சின்னதாகத் தெரிந்தது. பிறகு வேன் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்து, மணலைவிட்டு அமைதியாக வெளியே வந்தது.

"பின்னிட்டக்கா!" என்று மாமா ஓடிவந்தார். மேனேஜர் செவ்வாய்க்கிழமை வண்டியைக் கொண்டுவரச் சொன்னார். அப்பா படகின்மேல் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு அம்மாவின்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவ்வளவு பெரிய வேடிக்கையைத் தனியாக அனுபவித்துவிட்டாளே! அவளோடு இனிமேல் பேசுவதில்லை என்று முடிவுசெய்து, ஜீப்பின் பின்சீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். அம்மா வந்து ஏறி, என்னை மடியில் இழுத்து இறுக்கிக்கொண்டாள். கிடுகிடுவென்று ஆடியது. ஜீப் கிளம்பிவிட்டது என்று எட்டிப் பார்த்தேன். ஓட்டுகிற சீட்டில் யாருமில்லை, எஞ்சின் சத்தமும் இல்லை. மாமா தூரத்தில் மேனேஜருக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆளில்லாமலே ஓடுகிற ஜீப் என்று அதிசயப்பட்டு, கோபத்தை மறந்து, அந்த ஆட்டத்திலேயே நான் தூங்கிப்போனேன்.