மாமனார் ரங்கூனில், மாமியாருக்கு வயிற்றில் கட்டி

எழுதிப் பழக்கமில்லாத கை. மூணாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். ஞாபகமும் முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், கானாடுகாத்தான் பக்கம் நான் மருமகளாகப் போன புதிது. மாமனார் ரங்கூனுக்கு வியாபாரத்துக்குப் போய் இரண்டு வருசத்துக்கு மேல் இருக்கும். எங்கள் பக்கத்து ஆண்கள் அப்படித்தான், போனால் சட்டென்று திரும்ப மாட்டார்கள். அந்த நேரம் பார்த்து என் மாமியாருக்கு வயிறு மேடிட்டது!

ஊர் சும்மா இருக்குமா? கோயிலில் ஒருத்தி என்னிடமே கேட்டாள். "என்னடி, உனக்கு முந்தி உங்க அயித்தை தொட்டில் கட்டிருவாக போலிருக்கே?" எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது.

மாமியார் வெளியே தலைகாட்டுவதையே விட்டுவிட்டார். தீட்டு நின்று வருசக்கணக்கான பிறகு தண்ணீராகவும் ரத்தமாகவும் பட்டதை எனக்கு மட்டும் சொன்னார். வைத்தியம் பார்க்கலாம் என்றால், "ஆசுபத்திரி வாசலை மிதிச்சா ஊரு சொன்னது நெசமாயிரும்டி" என்பார்.

ஒருநாள் வலியில் சுருண்டு விழுந்தார். என் வீட்டுக்காரர் கார் பிடித்து மதுரைக்குக் கொண்டுபோனார். கூட வந்த சின்ன மாமியாருக்கும், மாமனாரின் தம்பி மனைவி அவர், உள்ளூரச் சந்தேகம்தான், வழியெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தார்.

வெள்ளைக்கார டாக்டரம்மா அமுக்கிப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே சொன்னார்: "பிள்ளை இல்லை, கட்டி. உடனே அறுக்கணும். உயிருக்கு உறுதி சொல்ல முடியாது."

நான் அழுதுவிட்டேன். மாமியாரோ எழுந்து உட்கார்ந்து சிரித்தார்! "புண்ணியமாப் போகும் தாயே, வெளிய இருக்கவுகளுக்குக் கேக்குற மாதிரி இன்னொருக்கச் சொல்லுங்க!"

டாக்டரம்மா கதவைத் திறந்து உரக்கவே சொன்னார். சின்ன மாமியார் ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதார்.

"அழுகாத. இனிச் செத்தாலும் மானத்தோட சாவேன்."

"சாகவா கூட்டியாந்தோம்? பொழச்சு வந்து அந்த வாயெல்லாம் அடைங்க, அக்கா."

கருப்பையிலிருந்து கிளம்பும் குழாயில் புற்றாம். குழாய் தேங்காய் அளவு வீங்கி, அதில் ஊறிய நீர்தான் வெளியே பட்டதாம். குழாய், கருப்பை, சினைப்பை எல்லாவற்றையும் எடுத்தார்கள். நல்லவேளை, வேறெங்கும் பரவவில்லை. மாமனார் கப்பலில் வந்து இறங்கி வீட்டுக்கு வந்தபோது, வாசலில் நின்று ஆலத்தி எடுத்தது மாமியார்தான்! பார்த்த எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

நான் நாலு பேர் முன்னால் பேசக் கூசுகிறவள். ஆனால் தீட்டு நின்ற பிறகு ரத்தம் பட்டது என்று எந்தப் பெண் சொன்னாலும், இன்றைக்கும் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போய்விடுவேன். ஊர் வாய்க்குப் பயந்து ஒரு உயிர் போகப் பார்த்ததை இந்தக் கண்ணால் கண்டவள் நான். நோயைப் பற்றி எழுதியதெல்லாம் அன்று காதில் வாங்கியது, டாக்டர் யாரிடமாவது காட்டிச் சரிபார்த்துப் போடுங்கள்.