கீரிமலையில் ஒரு வாய் தண்ணீர்

கடந்த ஆண்டு ஏப்ரல் விடுமுறையில், கண்டி ஹந்தானையிலிருந்து வேன் பிடித்து யாழ்ப்பாணம் போனோம். கணவர், மாமியார், நாத்தனார் எல்லாரும் பாட்டும் சிரிப்புமாக வந்தார்கள். நான் மட்டும் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்திருந்தேன்.

அதற்குச் சில மாதங்கள் முன்பு, ஒரு காலையில் பல் துலக்கிவிட்டுக் கொப்பளித்தபோது தண்ணீர் வாயில் நிற்காமல் வழிந்தது. கண்ணாடியில் பார்த்தால் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. முகவாதம் என்றார் டாக்டர். மெதுவாகத்தான் சரியாகுமாம். வாய் நிறையத் தண்ணீர் வைத்துக் கன்னத்தை உப்பிப் பிடிக்கும்படி பயிற்சி கொடுத்தார். ஒரு நாளும் தண்ணீர் நிற்கவில்லை. நான் வேலை செய்யும் சேலைக் கடையில் ஆட்கள் முன் நிற்கக் கூசி, பின்னறையில் சேலை மடிக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

முகம் சரியாக வேண்டுமென்று, யாழ்ப்பாணக் கடற்கரையில் இருக்கும் கீரிமலைக் கேணியில் என்னைக் குளிக்க வைப்பதாக மாமியார் நேர்ந்திருந்தார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் வேனை விட்டு இறங்கியதும் அசந்து போனேன். அலை மோதும் கரையிலேயே நல்ல தண்ணீர் ஊற்று! பெண்களின் கேணியில் இறங்கினால், சுவருக்கு அப்பால் கடல் இரைகிறது, இங்கே உடம்பைச் சுற்றிக் குளிர்ந்த நீர்.

பக்கத்தில் குளித்த யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். நேராகவே கேட்டார்.

"முகத்துக்கு என்ன நடந்தது?"

"முகவாதங்க."

"அப்ப சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறியள். குதிரை முகத்தோட வந்த சோழ இளவரசிக்கு இஞ்ச குளிச்சுத்தான் முகம் மாறினதாம். கீரி முக முனிவருக்கும் அப்பிடித்தான். அதாலதான் கீரிமலை எண்டு பேர்."

"குதிரைக்கு நான் பரவாயில்லைங்க" என்றேன் எரிச்சலோடு.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு வாய் நிறையத் தண்ணீர் எடுத்து என் முகத்திலேயே பீச்சியடித்தார். மாதக்கணக்காக எல்லாரும் என்னிடம் மெல்லப் பேசி, மெல்லச் சிரித்துப் பழகியிருந்தார்கள். இவர் இப்படிச் செய்ததும் எனக்குள் பழைய குறும்பு கிளம்பியது. திருப்பி அடிக்க நானும் வாய் நிறைய எடுத்தேன். அவர் சட்டென்று தண்ணீருக்குள் மூழ்கிவிட்டார். தலை மேலே வரட்டும் என்று கன்னத்தை உப்பிக்கொண்டு காத்திருந்தேன்.

அப்போதுதான் உறைத்தது. ஒரு சொட்டும் வழியவில்லை.

அவர் எழுந்ததும் அத்தனையையும் அவர் மேல் பீச்சிவிட்டு, "நின்னுச்சு, தண்ணி நின்னுச்சு" என்று கத்தினேன். நான் மூழ்குகிறேன் என்று பயந்து மாமியார் சேலையோடு இறங்கிவிட்டார். விஷயம் புரிந்ததும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அந்தப் பெண் கை தட்ட, முன்பின் தெரியாத மற்றப் பெண்களும் சேர்ந்து தட்டினார்கள்.

ஈரம் சொட்டச் சொட்ட வெளியே ஓடி, கணவர் கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலைப் பறித்து வாயை நிறைத்துக் காட்டினேன். "துப்பிறாத, இரு, தங்கச்சியும் பாக்கட்டும்" என்று நாத்தனாரைத் தேடி ஓடினார்.

நரம்பு ஏற்கெனவே தேறி வந்திருக்கும் என்கிறார் டாக்டர். எல்லாம் கேணியின் மகிமை என்கிறார் மாமியார். இரண்டு பேரோடும் நான் வாதாடுவதில்லை. ஆனால் இன்று கடையில் ஆட்கள் முன் நின்று சேலை விரித்துக் காட்டுகிறேன் என்றால், என்னைப் பார்த்துப் பரிதாபப்படாமல் விளையாடக் கூப்பிட்ட, பெயர்கூடக் கேட்காமல் நான் விட்டுவந்த அந்தப் பெண்ணைத்தான் முதலில் நினைத்துக்கொள்கிறேன்.