சித்தி வழுக்கி விழுந்த தரை

எங்கள் சித்தி அடிக்கடி குளியலறையில் வழுக்கி விழுவாள். கன்னம் வீங்கியிருக்கும், கையில் நீலம் பாரித்திருக்கும். கேட்டால், "பாசி வழுக்கிடுச்சுடி கண்ணு" என்பாள். எனக்கு எட்டு வயது. நம்பினேன். எனக்குப் பேசத்தான் கூச்சம், வேலை செய்ய இல்லை. பள்ளிவிட்டு வந்ததும் தேங்காய் நாரும் செங்கல் பொடியுமாக அந்தத் தரையைத் தேய்ப்பேன். சித்தி மறுபடியும் விழுவாள். இன்னும் அழுத்தித் தேய்ப்பேன்.

காளிகாட் சந்து வீட்டில் கீழே நாங்கள், மாடியில் சித்தப்பாவும் சித்தியும். மாடியில் சத்தம் கேட்டால் அப்பா ரேடியோவைக் கூட்டி வைப்பார். "வெளியில தெரிஞ்சா மானம் போயிடும்" என்று அம்மா ஜன்னலைச் சாத்துவாள். சாத்தி என்ன? கை நீட்டினால் எதிர்வீட்டைத் தொட்டுவிடலாம்.

அந்த எதிர்வீட்டுப் பெங்காலி அம்மாளை எல்லோரும் மாஷிமா, அதாவது பெரியம்மா, என்று கூப்பிடுவோம். மாஷிமா தினமும் விளக்கேற்றி மூன்று முறை சங்கு ஊதுவாள். அம்மாவுக்கு அது ஆகவே ஆகாது. "நம்ம ஊர்ல சாவு வீட்டுலதான் ஊதுவாங்க" என்று காதைப் பொத்திக்கொள்வாள்.

ஒருநாள் விளக்கு வைக்கும் நேரம், மாடியில் பாத்திரம் உருண்டது. சித்தி அலறினாள். மாஷிமா பால்கனியில் நின்று சங்கை ஊதினாள். மூன்றோடு நிறுத்தவில்லை. பக்கத்து வீட்டுச் சங்கும் சேர்ந்தது, அதற்கடுத்த வீட்டுச் சங்கும். சந்து முழுக்கச் சங்கு. பூகம்பம் வந்தால்தான் இங்கே இப்படி ஊதுவார்கள். சித்தப்பா பனியனோடு தெருவுக்கு ஓடிவந்தார்.

"பூகம்பமா மாஷிமா?"

"ஆமாம்ப்பா. உன் வீட்டுல மட்டும்" என்றாள் அவள், பெங்காலியில்.

வாசலுக்கு வாசல் பெண்கள் சங்கும் கையுமாக நின்றார்கள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு திரும்பினால், வழியை மறித்துக்கொண்டு எங்கள் அம்மா. ரேடியோ நின்றிருந்தது.

"இன்னொரு தடவை கை நீளட்டும், நானே ஊதுறேன்."

சங்கென்றால் காதைப் பொத்துகிற அம்மாவா! மறுநாளே கோயில் கடையில் ஒன்று வாங்கிவந்துவிட்டாள்.

சித்தி அன்றே மாஷிமா வீட்டுக்குப் போய்விட்டாள். "இருக்கறதும் போறதும் உன் இஷ்டம்மா" என்றாளாம் மாஷிமா. ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது மாடிச் சாவி சித்தியின் இடுப்பில் இருந்தது. சித்தப்பாவுக்குப் படுக்கை கீழே, எங்கள் அப்பா பக்கத்தில். அதன்பின் இரண்டு முறை சித்தப்பாவின் குரல் உயர்ந்தது. வாக்கியம் முடிவதற்குள் எதிரே சங்கு முழங்கியது. மூன்றாவது முறை உயரவேயில்லை.

சித்தியும் வழுக்கி விழவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கூச்சத்தையெல்லாம் விட்டு மாஷிமாவிடமே சொன்னேன்:

"எல்லாம் நான் தரையைத் தேய்ச்சதாலதான்!"

மாஷிமா சித்தியைப் பார்த்தாள். சித்தி சிரிக்கவில்லை. என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆமா மாஷிமா. இந்த வீட்டுல எனக்காக முதல்ல கையை அசைச்சவ இவதான்."

தரையைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, மறுநாள் இன்னும் பளபளப்பாகத் தேய்த்தேன்.