படுக்காத ராணி

எங்கள் சித்தியை என்ன செய்வதென்று வீட்டில் யாருக்கும் தெரியாததால்தான் அவள் குதிரைகளுக்குத் தொண்டு செய்யப் போனாள். தை மாதம் ஒரே ஒரு பையோடு மதுராந்தகத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தவள், பங்குனி பிறந்தும் திரும்பிப் போகவில்லை. சித்தப்பாவோடு என்ன சண்டை என்று கேட்டால், ஒன்றுமில்லை என்பாள். ஒன்றுமில்லாததற்கா ஒருத்தி இத்தனை நாள் அக்கா வீட்டில் உட்கார்ந்திருப்பாள் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அவர்கள் கவலை அவர்களுக்கு. ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த எனக்கு, என் அறையில் துணைக்கு ஒரு சித்தி கிடைத்ததில் சந்தோஷம்தான்.

கல்யாணத்துக்கு முன்னால் சித்தி பொத்தேரியில் வேலை பார்த்தவள். அப்போது பழக்கமான தோழி ஒருத்தி, மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் குதிரைகளை மீட்டு வளர்க்கும் குழுவில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆள் போதவில்லை, வருகிறாயா என்று கூப்பிட்டாள். வெளியே போய் வந்தால் மனசு மாறும், மனசு மாறினால் புருஷன் வீட்டுக்குப் போவாள் என்று அப்பா கணக்குப் போட்டார். தனியாக அனுப்ப மனமில்லாமல் என்னையும் கூட அனுப்பினார்கள். செங்கல்பட்டில் பஸ் மாறி, திருக்கழுக்குன்றம் வழியாகப் போவோம்.

தொண்டு என்றால் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொள்வது என்று நினைத்திருந்தேன். போன முதல் நாளே கையில் ஒரு கூடையைக் கொடுத்து லத்தி அள்ளச் சொன்னார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டி தேய்ப்பது, குளம்பில் சிக்கிய கல்லைக் கொக்கியால் எடுப்பது என்று பதவி உயர்வு கிடைத்தது. கடற்கரையில் சவாரிக்கு விடும் பெண் குதிரைக்கெல்லாம் ராணி என்றுதான் பெயர் வைப்பார்கள் போலிருக்கிறது. அங்கே அப்போது நான்கு ராணிகள் இருந்தார்கள். அவர்களுடைய ராஜ்ஜியம், தென்னந்தோப்புக்குள் நான் கூட்டிப் பெருக்கிய தகரக் கொட்டகை.

கடைசியாக வந்த ராணியைச் சித்தியின் பொறுப்பில் விட்டார்கள். செம்மண் நிறம், கண் ஓரத்தில் எப்போதும் பீளை. முன்னங்கால் முட்டிகளில் ஆறாத புண். பழைய சொந்தக்காரன் அடித்திருப்பான் என்று எல்லோரும் அவனைத் திட்டினோம். வைத்தியம் பார்க்க வரும் டாக்டரம்மா மட்டும், தள்ளி நின்று ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, இது அடி இல்லை, இந்தக் குதிரை படுப்பதே இல்லை என்றார். குதிரை நின்றுகொண்டே கண்ணயரும், ஆனால் அயர்ந்து தூங்கப் படுத்தாக வேண்டும். பயம் இருந்தால் படுக்காது. கூட்டத்தில்கூட மற்றவை படுத்திருக்கும்போது ஒன்று நின்று காவல் காக்கும். இது நின்றபடியே தூங்கிவிடுகிறது, முட்டி மடங்கி விழப்போய்த் திடுக்கிட்டு எழுந்துகொள்கிறது, அந்தப் புண்தான் இது என்று விளக்கினார்.

சித்தி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “அதான் கூட்டிகினு வந்துட்டோமே டாக்டர், இன்னும் ஏன் பயப்புடுது?”

“எடம் மாறிடுச்சுன்னு நமக்குத் தெரியும். அதுக்குத் தெரிய நாளாகும்.”

அதன் பிறகு சித்தி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வேலை முடிந்ததும் அந்தக் குதிரைக்குக் கொஞ்சம் தள்ளி, சும்மா நின்றுகொண்டிருப்பாள். கால் வலிக்காதா என்று நான் கேட்டாலும் குதிரையை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டாள்.

சித்திரையில் பெரியவர்கள் கூடிப் பேசி முடித்துவிட்டார்கள். அனுசரித்துப் போவதுதான் நல்லது என்றார்கள். அம்மாவும் அதையே சொன்னாள். சித்தி வாய் திறக்காததை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா காரில் வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு. அன்றைக்கும் காலையில் குதிரைகளைப் பார்த்துவிட்டு அங்கிருந்தே கிளம்புகிறேன் என்று மட்டும் சித்தி கேட்டாள். அவளுடைய பையை அம்மாதான் அடுக்கினாள்.

அன்று கொட்டகைக்கு முன்னால் புது மணல் கொட்டியிருந்தார்கள். ராணி அதை முகர்ந்தது, ஒரு சுற்றுச் சுற்றியது, பிறகு முன்னங்கால்களை மடக்கித் தொப்பென்று விழுந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. குதிரை படுத்துப் புரண்டால் வயிற்றுவலி, உடனே எழுப்பி நடத்த வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம். கயிற்றை எடுத்துக்கொண்டு ஓடினேன். சித்தி என் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

“கிட்ட போவாத. வயித்து வலி இல்ல. தூங்குது பாரு.”

பார்த்தேன். தலையை மணலில் கிடத்தி, நாலு காலையும் நீட்டிவிட்டிருந்தது. உதடு லேசாகத் துடித்தது. சித்தி அதற்கும் வாசலுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள். அவள் முகத்தை அவ்வளவு மலர்ச்சியாக அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஹாரன் அடித்தது. குதிரை காதை அசைத்தது, எழவில்லை. சித்தப்பா உள்ளே வந்தார், பின்னாலேயே, சித்தியின் பையோடு அவர் காரில் கூட வந்திருந்த அம்மா. நேரமாகிறது, கிளம்பு என்றார் சித்தப்பா. சித்தி நகரவில்லை. சத்தம் போடாதீர்கள் என்று கையைக் காட்டினாள். ஒரு குதிரை தூங்குவதற்காக நாங்கள் நிற்க வேண்டுமா என்று அவர் குரலை உயர்த்தினார். வந்த இடத்தில் வம்பு வேண்டாமே என்று அம்மா தங்கையைக் கெஞ்சினாள்.

விஷயம் தெரியாமல் பேசுகிறார்களே என்று எனக்குப் பொறுக்கவில்லை. டாக்டரம்மா சொன்னதையெல்லாம் அம்மாவுக்கு நானே விளக்கினேன். பயந்த குதிரை படுக்காது, தூங்கி விழும், திடுக்கிடும் என்று வரிசையாகச் சொன்னேன். புரியவில்லையோ என்று உதாரணமும் கொடுத்தேன்.

“நம்ம சித்தியும் அப்புடித்தாம்மா. நைட்டு மேசைய இழுத்து கதவாண்ட போட்டுட்டு, செவுத்துல சாஞ்சி உக்காந்துகினே கீது. தல சாஞ்சா தூக்கிவாரிப் போட்டு முழிச்சிக்குது.”

அம்மா என்னைப் பார்த்தாள். “எப்பலருந்து?”

“வந்ததுலருந்தே.”

அம்மா சித்தியின் முகத்தைப் பார்த்தாள். சித்தப்பா சிரிப்பது மாதிரி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அம்மா அவர் பக்கம் திரும்பினாள்.

“நீங்க கெளம்புங்க. அவ வர மாட்டா.”

அவர் குடும்பம், கௌரவம் என்று என்னென்னவோ சொன்னார். அம்மா அதைக் காதில் வாங்காமல் வெளியே போய், காரிலிருந்து பையை இறக்கிக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். அப்பாவிடம் கேட்காமல் அம்மா ஒரு முடிவு எடுத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கார் போகும் சத்தம் கேட்டதும் கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சித்தி அப்போதும் குதிரைக்குக் காவலாகவே நின்றாள்.

அம்மா அழுவது எனக்குத் தாங்கவில்லை. அதான் படுத்துவிட்டதே அம்மா, இனிமேல் தினமும் படுக்கும், புண்ணும் ஆறிவிடும் என்று முதுகைத் தடவிச் சமாதானம் சொன்னேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு இன்னும் அதிகமாக அழுதாள். முன்பின் தெரியாத ஒரு குதிரைக்காக இப்படி உருகுகிறாளே, அடுத்த ஞாயிற்றுக்கிழமை இவளையும் கூட்டிவந்தால் லத்தி அள்ள ஓர் ஆள் கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.